46 வருஷம் கழித்து ஒரு ஆல்பம்!

எங்கள் புதுச்சேரியில் ‘சொல்தா’ என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு, பென்ஷனோடு ஊர் திரும்பி, சாயங்காலமானால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கடற்கரைக்கு வாக்கிங் போகிறவர்கள். எங்கள் தெருவில் மட்டும் நாலு பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் என் அம்மாவின் தம்பி. ஊருக்கே அவர் ‘சொல்தா மாமா’தான்.

1979-ல் மாமா லீவில் வந்தபோது ஒரு ரெக்கார்டு பிளேயரும் ஐந்தாறு எல்.பி. ரெக்கார்டுகளும் கொண்டுவந்தார். அதில் ஒன்றைத் தனியாக எடுத்து ஆயாவின் கையில் கொடுத்தார். “ம்மா, பாரீஸ்ல அம்மன் பாட்டு விக்கிறான் பாரு. உனக்குன்னே வாங்கினேன்” என்றார். அட்டையில் ‘சக்தி’ என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. ஆயாவுக்கு ஒரே பூரிப்பு. பாரதியார் பத்து வருஷம் இருந்து சக்தியைப் பாடிய ஊர் அல்லவா, பாரீஸ் வரைக்கும் போயிருக்கிறது என்று நினைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கு ஏற்றி, சாம்பிராணி போட்டு, ரெக்கார்டைச் சுழலவிட்டோம். வந்தது அம்மன் பாட்டு இல்லை. ஆடி மாதத்து மழை ஓட்டுக்கூரையில் இறங்குகிற மாதிரி ஒரு கிட்டார். அதைத் துரத்திக்கொண்டு ஒரு வயலின். பின்னால் தபேலா, மிருதங்கம், கடம். நடுநடுவே வெள்ளைக்காரர்கள் கைதட்டுகிறார்கள். மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆயா மட்டும் கண்ணை மூடி ஐந்து நிமிஷம் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அம்மன் பாட்டு வரவே இல்ல. ஆனா அந்தப் பானை அடிக்கிறவன் நம்மூரு ஆளுடா!”

ஆயா சொன்னது சரி. அந்தப் பானையை அடித்தவர் விக்கு விநாயக்ராம்.

அன்றைக்கு 13 வயசில் என் காதில் விழுந்த அந்தக் குழு, 2023-ல் புதிதாக ஒரு ஆல்பம் போட்டது. ஸ்டுடியோவில் போட்ட முந்தைய ஆல்பத்துக்கும் இதற்கும் நடுவே இடைவெளி 46 வருஷம். இந்த வாரம் அந்தக் கதைதான். கூடவே எங்கள் வீட்டுக் கதை ஒன்றும் வரும். இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டவை.

*

முதலில் அந்த வெள்ளைக்காரர் யார் என்று பார்த்துவிடலாம். ஜான் மெக்லாக்லின். 1942-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸோடு வாசித்துப் பெயர் வாங்கியவர். 1971-ல் ‘மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா’ என்று ஒரு குழு ஆரம்பித்தார். பெயரைப் பார்த்து பஜனை கோஷ்டி என்று நினைத்துவிடாதீர்கள். இரட்டைக் கழுத்து எலெக்ட்ரிக் கிட்டார், இடி இடிக்கிற டிரம்ஸ் என்று காது கிழிகிற ராக். அமெரிக்காவின் ராக் ரசிகர்கள் கூட்டம் கூட்டமாகப் போய்க் கேட்டார்கள்.

ராக் கிட்டார் வாசிக்கிற ஒரு யார்க்ஷயர்காரருக்கு மகாவிஷ்ணு என்று பெயர் எப்படி வந்தது? இங்கேதான் எங்கள் ஊர் வருகிறது. அந்தப் பெயரை அவருக்குச் சூட்டியவர் ஸ்ரீ சின்மோய். சிட்டகாங்கில் பிறந்து, 1944-ல் சிறுவனாகப் புதுச்சேரிக்கு வந்து, அரவிந்தர் ஆசிரமத்தில் 20 வருஷம் வளர்ந்தவர். 1964-ல் நியூயார்க் போனார். அங்கே அவரிடம் தியானம் கற்க வந்தவர்களில் மெக்லாக்லினும் ஒருவர், கிட்டார் நட்சத்திரம் கார்லோஸ் சந்தானாவும் ஒருவர். எங்கள் கடற்கரையிலிருந்து நாலு தெரு தள்ளி விழுந்த ஒரு விதை, நியூயார்க்கில் போய் ராக் கிட்டாராக முளைத்தது என்று நாங்கள் பெருமை அடித்துக்கொள்வோம். கொஞ்சம் மிகைதான். ஊர்ப் பெருமைக்கு அந்த அளவு மிகை நியாயம்தானே!

மெக்லாக்லின் தியானத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய நம் டாக்டர் எஸ்.ராமநாதனிடம் உட்கார்ந்து வீணை கற்றுக்கொண்டார். அதன் பிறகு எலெக்ட்ரிக் கிட்டாரை ஓரம் வைத்துவிட்டு, வீணைபோலக் கமகம் பிடிக்க வசதியாகப் பலகை குடையப்பட்ட, குறுக்கே கூடுதல் தந்திகள் போட்ட ஒரு மரக் கிட்டாரைச் செய்துகொண்டு, மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் வயலின் எல்.சங்கர். ‘ஏழாவது மனிதன்’ படத்துக்கு இசையமைத்த எல்.வைத்தியநாதனின் தம்பி. தபேலாவுக்கு ஜாகிர் உசேன். கடத்துக்கு விக்கு விநாயக்ராம். முதல் ஆல்பத்தில் மிருதங்கம் ராம்நாடு ராகவன். இதுதான் ‘சக்தி’.

இடி கேட்கப் போன ராக் ரசிகர்களுக்கு எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். பிரியாணிக் கடையில் திடீரென்று தயிர்சாதம் வைத்த மாதிரி! 1975 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு கல்லூரிக் கச்சேரியில் பதிவு செய்ததுதான் முதல் ஆல்பம். மாமா வாங்கி வந்தது அதுதான். அடுத்தடுத்து இன்னும் இரண்டு. 1977-ல் மூன்றாவது ஆல்பம் வந்தது. 1978-ல் குழு கலைந்துவிட்டது. ஆயா பூஜையறையில் கேட்டபோதே அந்தக் குழு இல்லை என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

*

அந்த ரெக்கார்டு என்னைக் கெடுத்துவிட்டது. பள்ளிக்கூடப் பெஞ்சில் தாளம் போட்டு அடி வாங்கினேன். கடைசியில் பேங்கோஸ் வாங்கி, எங்கள் ஊர் மெல்லிசைக் குழு ஒன்றில் சேர்ந்துவிட்டேன். கல்யாணம், கோயில் திருவிழா, மாதா கோயில் தேர், எல்லாவற்றுக்கும் போவோம். கீபோர்டு ஒரு அண்ணன். கிட்டார் என் வகுப்புத் தோழன். பாடுவதற்கு ஒரு அக்கா, டீச்சர். தபேலா எங்களுக்கெல்லாம் மூத்தவர். அவரை ‘குரு’ என்றுதான் கூப்பிடுவோம். பகலில் மில் வேலை, ராத்திரி கச்சேரி.

அக்கா சொந்தமாக மூன்று பாட்டு எழுதி மெட்டுப் போட்டிருந்தார். ரிகர்சலில் வாசிப்போம். மேடையில் ஒரு தடவைகூட வாசித்ததில்லை. கூட்டம் விடாது. சினிமாப் பாட்டு முடிந்ததும் “ஒன்ஸ் மோர்” என்பார்களே தவிர, “உங்க சொந்தப் பாட்டு ஒண்ணு பாடுங்க” என்று யார் கேட்கப் போகிறார்கள்? “மெட்ராஸ் போய் ஸ்டுடியோவில கேசட்டாப் போட்டுடுவோம்” என்று குரு ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்வார். அடுத்த பொங்கல் வரும்.

பிறகு எல்லோருக்கும் நடப்பதுதான் எங்களுக்கும் நடந்தது. கல்யாணம், குழந்தை, லோன். என் தோழன் பிரெஞ்சு நேஷனாலிட்டி இருந்ததால் பாரீஸ் போய்விட்டான். கீபோர்டு அண்ணனுக்கு அரசு வேலை. அக்காவுக்குத் தலைமையாசிரியை பதவி. குழு எப்போது கலைந்தது என்று கேட்டால் தேதி சொல்ல முடியாது. ஒருநாள் யாரும் யாரையும் ரிகர்சலுக்குக் கூப்பிடவில்லை. அவ்வளவுதான்.

*

சக்தி மறுபடி கூடியது 1997-ல். ‘ரிமெம்பர் சக்தி’ என்று பெயர். சக்தியை நினைவிருக்கிறதா என்று கேட்கிற பெயர்! விக்கு விநாயக்ராம் இடத்துக்குப் பிறகு அவர் மகன் செல்வகணேஷ் வந்தார், கஞ்சிராவோடு. ‘வெண்ணிலா கபடி குழு’ படத்துக்கு இசையமைத்தவர் என்றால் உங்களுக்குச் சட்டென்று முகம் தெரியும். மாண்டலின் ஸ்ரீனிவாஸ் வந்தார். பாடுவதற்கு சங்கர் மகாதேவன் வந்தார். உலகம் பூராவும் கச்சேரி செய்தார்கள். கச்சேரிப் பதிவுகள் ஆல்பமாக வந்தன. ஆனால், ஸ்டுடியோவில் உட்கார்ந்து புதிதாக ஒன்று செய்வது மட்டும் தள்ளிக்கொண்டே போனது.

2014 செப்டம்பர் 19. மாண்டலின் ஸ்ரீனிவாஸ் சென்னையில் காலமானார். வயசு 45. குழுவிலேயே இளையவர்களில் ஒருவர். அவருக்கு முன்னால் போயிருக்க வேண்டியவர்கள் எல்லோரும் இருந்தார்கள், அவர் இல்லை. குழு அமைதியாகிவிட்டது.

இதற்கு நடுவே மெக்லாக்லினுக்குக் கையில் மூட்டுவாதம். கிட்டார்காரருக்கு விரல் வலிப்பது என்றால் பாடகருக்குத் தொண்டை அடைப்பது மாதிரி. 2017-ல் அமெரிக்காவில் விடைபெறும் சுற்றுப்பயணம்கூட நடத்திவிட்டார். கதை அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

பிறகு கொரோனா வந்தது. கச்சேரிகள் நின்றன. விமானம் இல்லை. உலகமே வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில்தான் இந்தக் குழு ஆல்பம் செய்ய ஆரம்பித்தது. மெக்லாக்லின் இருப்பது மொனாக்கோவில். ஜாகிர் உசேன் கலிஃபோர்னியாவில். சங்கர் மகாதேவன் மும்பையில். செல்வகணேஷ் சென்னையில். வயலினுக்குப் புதிதாகச் சேர்ந்தவர் கணேஷ் ராஜகோபாலன். கணேஷ்-குமரேஷ் சகோதரர்களில் மூத்தவர்.

இண்டர்நெட்டில் சேர்ந்து வாசிக்கலாமே என்று தோன்றும். முடியாது. வீடியோ காலில் ‘ஹேப்பி பர்த்டே’ பாடிப் பார்த்திருக்கிறீர்களா? ஆளுக்கொரு இடத்தில் முடிப்போம். சத்தம் போய்ச் சேர ஆகிற அந்த ஒரு கண்ணிமைப்பு நேரம் போதும், தாளம் கெட்டுவிடும். அதனால் ஒருவர் முதலில் தன் பகுதியை வாசித்துப் பதிவு செய்து ஃபைலாக அனுப்ப வேண்டும். அடுத்தவர் அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே தன் பகுதியை வாசித்து அனுப்ப வேண்டும். இப்படியே சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாக்கிச் சமன் செய்ய வேண்டும்.

சினிமாப் பாட்டுக்கு இது சகஜம். பாடகர் ஒருநாள், வயலின் ஒருநாள், தவில் ஒருநாள் என்று பதிவு செய்வது பல வருஷமாக நடக்கிறது. ஆனால், சக்தி மாதிரிக் குழுவுக்கு இது கண்ணைக் கட்டிக்கொண்டு சடுகுடு ஆடுவது மாதிரி. அவர்கள் சங்கீதத்தின் உயிரே சவால்-ஜவாப்தான். ஒருவர் ஒரு சொல்கட்டைத் தூக்கிப்போட, மற்றவர் அந்த நொடியில் பிடித்துத் திருப்பி வீச வேண்டும். கச்சேரியில் தனி ஆவர்த்தனம் பார்த்திருப்பீர்கள். மிருதங்கக்காரரும் கடக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே கோர்வையை முடித்துச் சமத்தில் வந்து விழுவார்கள். அந்தப் பார்வையும் சிரிப்பும் இல்லாமல், ஒருவர் பசிபிக் கரையிலும் ஒருவர் வங்கக் கரையிலும் உட்கார்ந்துகொண்டு ஒரே சமத்தில் விழ வேண்டும் என்றால்?

20 வருஷம் ஒன்றாக மேடை ஏறியவர்களால்தான் முடியும். அடுத்தவர் எங்கே மூச்சு விடுவார் என்று தெரிந்திருக்க வேண்டும்.

2023 ஜனவரியில் 50-வது ஆண்டுக் கச்சேரிகளை இந்தியாவில்தான் தொடங்கினார்கள். ஜூன் 30-ல் ஆல்பம் வெளிவந்தது. பெயர் ‘திஸ் மொமென்ட்’. இந்தக் கணம். எட்டு உருப்படிகள். முதல் உருப்படியின் பெயர் ‘ஸ்ரீனிஸ் ட்ரீம்’. ஸ்ரீனியின் கனவு. காலியான நாற்காலியை மறைத்துவைக்காமல் வாசலிலேயே போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மெக்லாக்லினுக்கு அப்போது வயசு 81.

2024 பிப்ரவரி 4-ம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸில் கிராமி விருது மேடை. உலக இசை ஆல்பங்களுக்கான பிரிவில் ‘திஸ் மொமென்ட்’டுக்கு விருது. ஜாகிர் உசேனுக்கு அன்றைக்கு மட்டும் மூன்று கிராமி! செல்வகணேஷுக்கு இது இன்னொரு விதத்தில் விசேஷம். அவர் அப்பா விக்கு விநாயக்ராம் வாசித்த ‘பிளானட் டிரம்’ ஆல்பம் 1992-லேயே கிராமி வாங்கியது. அந்த ஆல்பத்தைச் செய்தவரும் ஒரு ராக் குழுவின் டிரம்மர்தான், ‘கிரேட்ஃபுல் டெட்’டின் மிக்கி ஹார்ட். ஆயா சொன்ன ‘நம்மூரு ஆளு’ வீட்டில் அப்பா ஒரு தடவை, பிள்ளை ஒரு தடவை!

*

எங்கள் பழைய குழுவுக்கு இப்போது ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. காலை வணக்கமும் மூட்டுவலித் தைலமும்தான் அதில் முக்கால்வாசி. கிராமி செய்தி வந்த அன்றைக்குச் சூடு பிடித்தது.

கீபோர்டு அண்ணன் ஆல்பத்தைக் கேட்டுவிட்டு வாய்ஸ் மெசேஜ் போட்டார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா பழசுல இருந்த வேர்வை இதுல இல்லப்பா. அது ஒரே ரூம்ல உட்கார்ந்து அடிச்சது. இது கம்ப்யூட்டர்ல ஒட்டுப்போட்டது.”

பாரீஸிலிருந்து தோழன் உடனே பதில் போட்டான். “அண்ணே, ஒரே ரூம்ல உட்கார்ற வரைக்கும் காத்திருந்தா இதுவும் வந்திருக்காது. நாமளும் அப்படித்தானே காத்திருந்தோம்?”

அதற்கப்புறம் குரூப்பில் இரண்டு நாள் யாரும் பேசவில்லை. ஏனென்றால், குரு 2022-ல் போய்விட்டார்.

நான் இரண்டு ஆல்பங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டேன். அண்ணன் சொன்னதில் பாதி உண்மை. 1975-ல் பதிவு செய்ததில் வேகம் இருக்கிறது. யார் முதலில் விழுவார்கள் பார்ப்போம் என்கிற வாலிபத் திமிர் இருக்கிறது. 2023-ல் வந்ததில் அது குறைவு. மெக்லாக்லின் சில இடங்களில் கிட்டார் சின்தசைஸரில் புல்லாங்குழல் மாதிரி ஒரு நாதத்தை மிதக்கவிடுகிறார். முன்பு பத்து ஸ்வரம் வைத்த இடத்தில் இப்போது மூன்று வைக்கிறார். விரல் ஓடவில்லை என்பதாலா, ஓட வேண்டாம் என்பதாலா? வயசானவர்கள் பேச்சும் அப்படித்தானே குறைகிறது. கொன்னக்கோல் வருகிற இடங்களில் மட்டும் கிழம் கட்டிய அறிகுறியே இல்லை. தா-தீ-கி-ண-தொம் என்று எல்லோரும் பின்னிக்கொள்கிறபோது எனக்கு 13 வயசு.

அதே 2023 அக்டோபரில் இங்கிலாந்தின் ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ குழுவும் ஒரு ஆல்பம் போட்டது, ‘ஹாக்னி டயமண்ட்ஸ்’. 1962-ல் ஆரம்பித்த ராக் குழு. சொந்தப் பாட்டுகளோடு ஆல்பம் போட்டு 18 வருஷம் ஆகியிருந்தது. பாட்டுகளைத் தொடுவதும் விடுவதுமாக இருந்த குழுவுக்குப் பாடகர் மிக் ஜாகர் ஒரு கெடு வைத்தார். இந்தத் தேதிக்குள் பதிவு, அந்தத் தேதிக்குள் முடிப்பு. வைத்த பிறகுதான் வேலை நடந்தது. கிட்டார் கீத் ரிச்சர்ட்ஸுக்கும் மூட்டுவாதம்தான். “கை மாறிவிட்டது, அதற்கேற்ப வாசிக்கிற விதத்தை மாற்றிக்கொண்டேன்” என்கிற அர்த்தத்தில் பேட்டி கொடுத்தார். அவர்களின் டிரம்மர் சார்லி வாட்ஸ் 2021-ல் இறந்துவிட்டார். ஆனால், 2019-ல் அவர் வாசித்துவைத்த பதிவு இரண்டு பாட்டுகளில் அப்படியே இருக்கிறது. மிச்சப் பாட்டுகளுக்கு வாசித்தவர் வாட்ஸே கைகாட்டிய ஸ்டீவ் ஜோர்டன். அந்த ஆல்பம் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. சிறந்த ராக் ஆல்பத்துக்கான கிராமியும் 2025-ல் வாங்கியது.

இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. குரு வாசித்தது எங்கேயாவது இருக்குமா?

*

பீரோ மேலே, பழைய நோட்டுகளுக்கு அடியில் ஒரு கேசட் கிடைத்தது. 1991 மாசி மகத்தில் நாங்கள் வாசித்த கச்சேரியை யாரோ டேப் ரெக்கார்டரில் பிடித்தது. காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் 600 ரூபாய்க்கு ஒரு பழைய கேசட் பிளேயர் வாங்கினேன். என் மகள் அதை லேப்டாப்போடு இணைத்துக் கொடுத்தாள். முக்கால்வாசி இரைச்சல். நடுவில் ‘காணாமல் போன சிறுவன்’ அறிவிப்பு. ஆனால், கச்சேரி தொடங்கும் முன்னால், மைக் டெஸ்ட் செய்கிற நேரத்தில், குரு தனியாக தபேலா வாசிக்கிறார். ஒரு நிமிஷம் பத்து நொடி. அவருக்கே உரிய அந்தப் பாயாவின் குமுறல். முடித்துவிட்டு “போதுமாப்பா?” என்று கேட்கிறார்.

அக்காவின் பாட்டு ஒன்றுக்கு அது அப்படியே பொருந்தியது. ரிகர்சலில் அந்தப் பாட்டுக்கு அவர் வாசிக்கிற நடைதான் அது!

குரூப்பில் சொன்னேன். கீபோர்டு அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. “செத்தவர் கையை வெட்டி ஒட்டறதா? அவர்கிட்ட கேட்டியா?” என்றார். கோபம் நியாயமானது. இப்போது இறந்தவர்களின் குரலை கம்ப்யூட்டரே உண்டாக்கிப் பாட வைக்கிற காலம். அவர் வாசித்தது வேறு, அவர் வாசித்த மாதிரி நாமே செய்துகொள்வது வேறு என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும், அதை முடிவு செய்ய நான் யார்? குருவின் மனைவியிடம் போய்க் கேட்பது என்று தீர்மானித்தோம். ஆனால், போகவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று மாதங்கள் ஓடின. பழைய பழக்கம்.

2024 டிசம்பர் 15. ஜாகிர் உசேன் சான் பிரான்சிஸ்கோவில் காலமானார் என்ற செய்தி வந்தது. வயசு 73. ‘இந்தக் கணம்’ வெளிவந்து ஒன்றரை வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. இன்னும் இரண்டு வருஷம் தள்ளிப்போட்டிருந்தால் அந்த ஆல்பம் உலகத்திலேயே இருந்திருக்காது.

அன்று சாயங்காலம் கீபோர்டு அண்ணனே என் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினார். “வண்டில ஏறு. அண்ணியைப் பார்த்துட்டு வரலாம்” என்றார்.

முத்தியால்பேட்டையில் குருவின் வீடு. அண்ணி எங்களை உட்காரவைத்து காபி கொடுத்தார். செல்போனில் அந்த ஒரு நிமிஷத்தைப் போட்டுக் காட்டினேன். அண்ணி கேட்டுக்கொண்டே இருந்தார். “போதுமாப்பா?” என்று குருவின் குரல் வந்ததும் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் கேட்டார்: “அந்தப் பொண்ணு பாட்டையா போடப் போறீங்க? கேசட் போடணும் கேசட் போடணும்னு என்கிட்டயும் சொல்லிக்கிட்டே இருப்பாரே. இதுக்கா என்கிட்ட கேக்க இத்தனை நாளு யோசிச்சீங்க?”

அதன் பிறகு நாங்களும் ஒரு கெடு வைத்தோம், ஜூன் 21. பிரெஞ்சுக்காரர்கள் 1982-ல் ஆரம்பித்த இசைத் திருநாள். அன்றைக்கு யார் வேண்டுமானாலும் தெருவில் நின்று வாசிக்கலாம். எங்கள் ஊரிலும் கொண்டாடுவார்கள். பாரீஸ் தோழன் அவன் ஃபிளாட்டில் கிட்டார் வாசித்து அனுப்பினான். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டிய சத்தமும் சேர்ந்து வந்தது. அக்கா பழைய சுருதியில் முயற்சி செய்து இருமினார். ஒன்றரைக் கட்டை இறக்கினோம். இறக்கியதும்தான் அந்தப் பாட்டின் சோகம் எங்களுக்கே புரிந்தது. 1988-ல் அதை நாங்கள் டூயட் மாதிரி குஷியாக வாசித்துக்கொண்டிருந்தோம்!

ஒரு சிக்கல் வந்தது. கேசட் நாடா காலத்தால் இழுபட்டு, குருவின் தபேலா சீராக ஓடவில்லை. கொஞ்சம் மெதுவாகும், கொஞ்சம் வேகமாகும். மகள், “கம்ப்யூட்டரில் நேராக்கிடலாம்பா” என்றாள். கீபோர்டு அண்ணன் தடுத்துவிட்டார். “அவர் போற வேகத்துக்கு நாம போவோம். அப்பவும் அப்படித்தானே வாசிச்சோம்” என்றார். ஒட்டுப்போட்ட சங்கீதம் வேண்டாம் என்று சொன்ன அதே அண்ணன்!

மூன்று பாட்டும் முடிந்தன. ஜூன் 21 சாயங்காலம், வண்டிகள் நிறுத்தப்பட்ட கடற்கரைச் சாலையில், ஒரு சின்ன ஸ்பீக்கரை வைத்து முதல் பாட்டை ஓடவிட்டோம். பக்கத்தில் காலேஜ் பையன்கள் டிரம்ஸும் எலெக்ட்ரிக் கிட்டாரும் வைத்து இடித்துக்கொண்டிருந்ததில் எங்கள் பாட்டு எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. என் பேரன் “தாத்தா, இதுல பீட் எப்ப வரும்?” என்று கேட்டான். யூடியூபில் போட்டோம். இதுவரை 340 பேர் கேட்டிருக்கிறார்கள். அதில் நானே எத்தனை தடவை என்று சொல்ல மாட்டேன்.

கிராமி கமிட்டியிலிருந்து இன்னும் போன் வரவில்லை. ஆனால், அண்ணியிடமிருந்து வந்தது. தினமும் காலையில் பாட்டைப் போடச் சொல்லிப் பேத்தியைக் கேட்கிறாராம். பாட்டு முடிந்ததும் “போதுமாப்பா?” என்று அவர் குரல் வருகிற இடத்தை வெட்டாமல் விட்டிருக்கிறோம். அண்ணி அங்கே பதில் சொல்கிறாராம்.

“என்ன பதில் அண்ணி?” என்று கேட்டேன்.

“போதாதுன்னுதான்!”

உங்கள் வீட்டுப் பீரோ மேலேயும் ஒரு கேசட் இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறிப் பாருங்களேன். பார்த்து ஏறுங்கள், எனக்கு வழுக்கிவிட்டது. அடுத்த வாரம் சந்திப்போம்!